தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிட்டால்

அன்புள்ள ஐயா,

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு சிறிய சபையில் உபதேசியாராக இருக்கிறேன். ஞாயிறு ஆராதனையில் 40 நிமிடம் பிரசங்கம். ஜெபித்து, ஒத்துவாக்கியங்கள் (அதே கருத்துள்ள வேறு வசனங்கள்) பார்த்து, குறிப்பெடுத்துத்தான் போகிறேன். ஆனாலும் பத்து நிமிடத்தில் பாதிப் பேர் கண்ணசந்துவிடுகிறார்கள். இதே ஜனம் திருவிழாப் பட்டிமன்றத்தை நடுராத்திரி வரை உட்கார்ந்து கேட்கிறது. நேரத்தைக் குறைத்தால் 'உபதேசியாருக்குச் சரக்கு தீர்ந்துவிட்டது' என்பார்கள் மூப்பர்கள். ஒரு பிரசங்கத்தின் ஒலிப்பதிவை அனுப்பியிருக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

அன்புள்ள தம்பி,

கேட்டேன். குரல் நன்றாக இருக்கிறது. அந்த எக்கோவை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். சின்னக் கோயிலுக்கு அது எதற்கு?

ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தல் வரை போய்விட்டீர்கள். ஒருவர் கண்ணாடியை மாட்டி, பக்கம் புரட்டி வசனத்தைக் கண்டுபிடிப்பதற்குள் நீங்கள் அடுத்த புத்தகத்தில் இருக்கிறீர்கள். இரண்டு தடவை ஏமாந்தவர் வேதாகமத்தை மூடிவிடுவார். அப்புறம் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

நடுவே, அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன கதைக்கு வந்தீர்கள். 2 சாமுவேல் 12. ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அங்கேயே தங்கியிருக்கலாம். பணக்காரனுக்கு ஆடுமாடுகள் ஏராளம் என்பதோடு நாத்தான் அவனை விட்டுவிடுகிறார். ஏழையின் குட்டிக்கு வரும்போதுதான் நிதானிக்கிறார். காசு கொடுத்து வாங்கியது, பிள்ளைகளோடு வளர்ந்தது, அவன் சாப்பாட்டில் தின்றது, அவன் பாத்திரத்தில் குடித்தது, மடியில் படுத்தது, மகளைப் போல இருந்தது. அந்தக் குட்டியைத்தான் பணக்காரன் தன் விருந்தாளிக்காகப் பிடித்துச் சமைக்கிறான். கேட்கிறவர் முன்னாள் ஆட்டிடையர். கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவன் சாக வேண்டும், நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அவரே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார். அதன் பிறகுதான் 'நீயே அந்த மனுஷன்'. அதை முதலிலேயே சொல்லியிருந்தால், ராஜா சாக்குப்போக்கைத் தயார் செய்திருப்பார்.

உங்கள் முதல் வாக்கியம், 'நாம் எல்லாரும் பாவிகள்.' உண்மைதான். ஆனால் எல்லாரும் என்றதும் ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரை நினைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள்.

பட்டிமன்றத்தில் ஜனம் விழித்திருப்பது துணுக்குகளால் மட்டும் என்று நினைக்காதீர்கள். சாலமன் பாப்பையா மாதிரி நடுவர், தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், தீர்ப்பைக் கடைசிவரை கையில் வைத்திருப்பார். எந்தப் பக்கம் சாயப்போகிறார் என்று தெரியாததால்தான் எழுந்து போக மனம் வராது. நீங்கள் தீர்ப்பை முதல் நிமிடத்திலேயே வாசித்துவிட்டு, மீதி 39 நிமிடம் அதற்குச் சாட்சி கூப்பிடுகிறீர்கள். நடுநடுவே 'பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்' என்று வேறு. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அடுத்த தடவை ஒரே பகுதியை எடுங்கள். ஒத்துவாக்கியம் உங்கள் படிப்புக்கு இருக்கட்டும், பிரசங்க பீடத்துக்கு வேண்டாம். சனிக்கிழமை, உங்கள் சபையில் ஆடு வளர்க்கிற ஓர் அம்மாவிடம் அந்தக் கதையைச் சும்மா சொல்லிப் பாருங்கள். குறுக்கே என்ன கேட்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 'குட்டியைப் பிடித்துக்கொண்டு போகும்போது அந்தப் பிள்ளைகள் எங்கே இருந்தன?' என்று கேட்டால், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குங்கள். இதற்கு 20 நிமிடம் தாராளம்.

மூப்பர்கள் கேட்டால் இயேசுவின் மலைப்பிரசங்கத்தைக் காட்டுங்கள். மத்தேயு 5 முதல் 7 வரை மூன்றே அதிகாரம். நிறுத்தி வாசித்தாலும் கிட்டத்தட்ட அதே 20 நிமிடத்தில் முடிந்துவிடும்.