வீடில்லாதவர்களின் பல் நலம்: பல் மருத்துவரிடம் கேள்வி பதில்

இரவுக் காப்பகத் தன்னார்வலர்: பிரஷ், பேஸ்ட் கொடுத்தாலும் தண்ணீர் இல்லை என்று தெருவில் தங்குபவர்கள் துலக்குவதில்லை. என்ன செய்யலாம்?

துலக்கத் தண்ணீர் வேண்டியதில்லை. உலர்ந்த பிரஷில் பட்டாணி அளவு பேஸ்ட் வைத்து, இரண்டு நிமிடம் தேய்த்து, நுரையைத் துப்பினால் போதும். கொப்பளிக்காமல் விட்டால் ஃபுளோரைடு பல்லில் தங்கும், அதுவே நல்லது. பேஸ்டில் 1000 முதல் 1500 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஃபுளோரைடு இருக்க வேண்டும். நாளைக்கு ஒரு வேளைதான் துலக்க முடியும் என்றால் படுக்கும் முன். பிரஷுக்குக் காற்றுத் துளையுள்ள மூடி கொடுங்கள், ஈரத்தோடு மூடினால் நாறும்.

டாக்டர், ரோட்டோரம்தான் தங்கியிருக்கேன். கடவாப்பல் வீங்குது. ஆன்டிபயாடிக் போட்டா அடங்குது, அப்புறம் திரும்ப வருது.

திரும்ப வரத்தான் செய்யும். கிருமி இருப்பது செத்துப்போன நரம்புக் குழிக்குள். அங்கே ரத்த ஓட்டம் கிடையாது, மருந்து போய்ச் சேராது. பல்லை எடுக்க வேண்டும், இல்லையேல் வேர் சிகிச்சை, அதாவது நரம்புக் குழியைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கெனால். வேர் சிகிச்சையைப் பாதியில் விட்டால் தற்காலிக அடைப்பு தேய்ந்து கிருமி மறுபடி நுழையும். அதனால் அடுத்த முறை வர முடியுமா என்பதை மருத்துவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள், சிகிச்சையை அதற்கேற்பத் தேர்ந்தெடுப்பார்.

அதுவரை வலிக்கு, சாப்பிட்ட பிறகு ஐபுப்ரோஃபென் 400 மி.கி., கூடவே பாராசிட்டமால் 500 மி.கி. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ ஐபுப்ரோஃபென் வேண்டாம். தினமும் குடிப்பவர் என்றால் பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 2 கிராமைத் தாண்டக் கூடாது. ஆஸ்பிரினை ஈறில் அடக்கிவைக்காதீர்கள், சதை வெந்துவிடும்.

வீக்கம் கண் பக்கம் ஏறினாலோ, கழுத்துக்கு இறங்கினாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியாவிட்டாலோ நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூச்சுக்குழல் அடைபடலாம்.

பயிற்சி மருத்துவர்: ஒரே ஒருமுறை மட்டும் முகாமுக்கு வருபவருக்கு என்ன செய்வது?

முதலில் வலி, சீழ். நரம்பை எட்டாத சொத்தைக்கு 38 சதவீத சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு என்ற, சொத்தை பரவாமல் நிறுத்தும் திரவ மருந்து: பல்லை உலர்த்தி ஒரு நிமிடம் தடவினால் போதும், டிரில் வேண்டாம். வெள்ளி ஒவ்வாமை உள்ளவருக்குக் கூடாது. சொத்தை கறுத்துவிடும்; வேலை தேடுபவருக்கு முன்பல் கறுப்பது சின்ன விஷயமில்லை, கேட்டுவிட்டே தடவுங்கள். பல் பிடுங்கினால் கரையும் தையல் போடுங்கள், தையல் பிரிக்க அவர் வராமல் போகலாம். கையில் கூடுதல் காஸ் துணி கொடுத்தனுப்புங்கள்: ரத்தம் கசிந்தால் 30 நிமிடம் விடாமல் கடிக்க வேண்டும். 24 மணி நேரம் புகை, கொப்பளிப்பு இரண்டும் கூடாது. கட்டிய ரத்தம் பெயர்ந்தால் எலும்பு வெளியே தெரிந்து, இரண்டு மூன்று நாளில் கடுமையாக வலிக்கும்.

காப்பகத்தில் பல் செட் அடிக்கடி தொலைகிறதே?

காகிதத்தில் சுற்றிவைப்பதால் குப்பையோடு போகிறது. பெயர் எழுதிய மூடி டப்பாவில், சாதாரணத் தண்ணீரில் போட்டு வையுங்கள். வெந்நீர் பட்டால் வளைந்துவிடும்.

நாக்கு ஓரத்துல புண்ணு, மூணு வாரமாச்சு. வலியில்ல, விட்டுடலாமா?

வேண்டாம். புற்றுநோய்ப் புண் ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. இரண்டு வாரம் தாண்டிய புண்ணைக் காட்டியே ஆக வேண்டும். புகையிலையோ குடியோ உண்டென்றால் இந்த வாரமே.