பெயரைச் சொன்னது யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்காட்லாந்தின் வடகோடியில், சதர்லாந்தில் வேலை பார்க்கிறேன். இங்கே ஃபார் என்ற பாரிஷில் (தேவாலய வட்டாரத்தில்) சிலர் வீடுகள், ஓடைகள், ஆட்டுப்பட்டிகளின் பெயர்களைக் கேட்டுப் பதிவு செய்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். ஒரே இடத்துக்கு ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். பழைய சர்வே வரைபடத்தில் அச்சானதையே எடுத்துக்கொண்டால் போதாதா? கூரை இல்லாமல் இடிந்து கிடக்கும் வீட்டுக்கெல்லாம் பெயர் தேடத்தான் வேண்டுமா?

அன்புள்ள நண்பருக்கு,

போதாது. அந்த வரைபடத்துக்கு அடியில், அதைத் தயாரித்த பிரிட்டிஷ் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் பெயர்ப் புத்தகங்கள் இருக்கின்றன. இணையத்திலேயே பார்க்கலாம். ஒவ்வொரு பெயருக்கும் என்னென்ன எழுத்துக்கூட்டல்கள், இடம் எங்கே, எப்படிப்பட்டது என்று பத்தி பத்தியாக எழுதியிருப்பார்கள். நான் முதலில் பார்ப்பது, அந்த எழுத்துக்கூட்டலைச் சொன்னவர் யார் என்ற பத்தியைத்தான். பல பாரிஷ்களில் அங்கே நிலக்கிழார், எஸ்டேட் மேலாளர், போதகர், பள்ளி ஆசிரியர் என்றே வரும். 1905இல் சர்வே தன் களப் பணியாளர்களுக்குத் தந்த விதிமுறை இதை வெளிப்படையாகவே சொல்கிறது: சிறு விவசாயிகளையும் குடிசைவாசிகளையும், அவர்கள் குடியிருக்கும் இடத்தின் பெயருக்குக்கூட நம்ப வேண்டாம். படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

உங்கள் பாரிஷில் நிலைமை இன்னும் மோசம். ஸ்ட்ராத்நேவர் பள்ளத்தாக்கிலிருந்த குடிகளை 1814 முதல் 1819 வரை ஆட்டுப்பண்ணைகளுக்காகக் கிளப்பிவிட்டார்கள். சர்வேயர்கள் வந்தது 1870களில். அந்த வீடுகளில் வளர்ந்தவர்களில் எத்தனை பேர் அப்போது பக்கத்தில் இருந்திருப்பார்கள்?

அப்படிக் காலியான ஊர்களில் ஒன்றான ரோசாலுக்குப் போயிருப்பீர்கள். 1962இல் தொல்லியலாளர் ஹொரேஸ் ஃபேர்ஹர்ஸ்ட் அந்த ஊரை அளந்து சுமார் 70 கட்டடங்களின் தடயங்களைப் படமாக்கினார். நீளமான வீடுகள், ஒரு பக்கம் மனிதர்கள், மறுபக்கம் மாடுகள். பக்கத்தில் தானியம் உலர்த்தும் சூளைகள், ஊரையும் வயலையும் சுற்றி ஒரு மதில். இதெல்லாம் மண்ணில் கிடைத்தது. எந்த வீட்டை யார் பெயரால் அழைத்தார்கள் என்பதை மண்வெட்டி சொல்லாது. அது வாய்வழியாக வந்தால்தான் உண்டு. அதனால்தான் இடிந்த வீட்டுக்கும் பெயர் தேட வேண்டும் என்கிறேன். அதற்குத்தான் முதலில் தேட வேண்டும்.

சரி, மூன்று பெயர் சொன்னால் என்ன செய்வது? மூன்றையும் எழுதுங்கள். எது சரி என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். சொன்னவர் எங்கே வளர்ந்தவர், யாரிடம் கேட்டது என்பதைக் கூடவே குறியுங்கள். அவர் சம்மதித்தால் குரலையும் பதியுங்கள். அந்தப் பகுதியின் பழைய மொழியான கேலிக்கில் உள்ள பெயர் ஆங்கில எழுத்தில் ஏறும்போது பாதி ஒலி போய்விடுகிறது. எடின்பரோவின் ஸ்காட்டிஷ் ஆய்வுப் பள்ளி 1951 முதல் இப்படிக் குரல்களைச் சேர்த்து வருகிறது. அப்புறம், வரைபடக் கட்ட எண்ணையும் சுவரின் புகைப்படத்தையும் அதே தாளில் சேருங்கள். பெயர் ஒரு கோப்பிலும் கட்டடம் இன்னொன்றிலுமாகப் பிரிந்தால் பத்து வருடத்தில் எது எதற்கு என்று யாருக்கும் தெரியாது.

கட்டடத்தின் பயன் மாறியிருந்தால் அதையும் கேளுங்கள். பெட்டிஹில்லில் 18ஆம் நூற்றாண்டுத் தேவாலயம் இன்று ஸ்ட்ராத்நேவர் அருங்காட்சியகம். பெரியவர்கள் அதை எப்படிக் குறிப்பிடுகிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்த முறை போகும்போது ஆடு மேய்த்தவர்கள், தபால் கொண்டுபோனவர்கள், அந்த வீடுகளில் வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், இவர்களிடமிருந்து தொடங்குங்கள். கிடைத்ததை எனக்கும் எழுதுங்கள்.