கோவினில் பூஸ்டருக்குத் 'தகுதியில்லை' என்று வந்தால்

அப்பாவுக்குக் கொரோனா பூஸ்டர் (மூன்றாவது) ஊசி போடப் பார்த்தால், அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான கோவின் 'தகுதியில்லை' என்கிறதே என்று கேட்டிருந்தீர்கள்; ஆகஸ்ட் 2022-இல் எழுதிய பதில் இது. உங்கள் அப்பாவுக்குத் தகுதி இருக்கிறது. இரண்டாம் டோஸ் ஜனவரியில் போட்டதாகச் சொல்கிறீர்கள், ஆகஸ்டுக்குள் 6 மாதம் தாண்டிவிட்டது. முன்பு 9 மாத இடைவெளி கேட்டார்கள், 2022 ஜூலையில் அதை 6 மாதமாகக் குறைத்துவிட்டார்கள்.

அப்புறம் ஏன் கோவின் மறுக்கிறது? பாலக்கோடு முகாமில் இரண்டாவது ஊசியைப் பக்கத்து வீட்டுக்காரர் செல்போன் எண்ணில் பதிந்தார்கள் என்றீர்களே, அநேகமாக அங்கேதான் இடிக்கிறது. அப்பாவைப் புது ஆளாக எடுத்துக்கொண்டு, அதையும் முதல் டோஸ் என்றே ஏற்றியிருப்பார்கள். முகாம் கூட்டத்தில் இது நிறையப் பேருக்கு நடந்திருக்கிறது.

இரண்டு எண்களிலும் நுழைந்து சான்றிதழ்களை இறக்கி, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் முதல் டோஸ் என்றிருந்தால், குறை தெரிவிக்கும் பகுதியில் இரண்டையும் இணைக்கக் கேட்கலாம். பெயரையும் கவனியுங்கள்: ஒன்றில் இனிஷியல் முன்னால், மற்றதில் பின்னால் இருக்கலாம். பிறந்த ஆண்டும் மாறியிருக்கலாம். இணைந்த பிறகு, ஆகஸ்ட் 2022 நிலவரப்படி, அரசு மையத்தில் இலவசமாகவே போடலாம்.

முன்பு போட்டது கோவிஷீல்டு என்றால் அதையே போடலாம், 2022 ஆகஸ்டில் கோர்பிவேக்ஸ் என்ற வேறு தடுப்பூசியையும் போடத் தொடங்கினார்கள்.

ஒன்று மட்டும்: அவருக்குச் சமீபத்தில் கொரோனா வந்திருந்தால், 2022 விதிப்படி, குணமாகி 3 மாதம் கழித்துத்தான் போட வேண்டும்.

"போட்டாலும் வருகிறதே" என்று அப்பா சொல்வது உண்மைதான். தொற்றைத் தடுக்கும் பலம் சில மாதங்களில் குறைந்துவிடும். ஆனால் ஆஸ்பத்திரியில் சேரும் அளவுக்கு முற்றாமல் காப்பது அதைவிட நெடுநாள் நிற்கும். சர்க்கரை உள்ளவருக்கு அதுதான் முக்கியம், தள்ளிப் போடாதீர்கள்.