ஏழு மணிக்கு என்ன நடந்தது?

கேள்வி: கனடாப் பாடகர் கார்டன் லைட்ஃபுட், எட்மண்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் கப்பல் மூழ்கியதைப் பற்றிய தம் புகழ்பெற்ற பாட்டில் ஒரு வரியை 2010 முதல் மேடைகளில் மாற்றிப் பாடினார். வெளிவந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பாட்டைத் திருத்துவது ரசிகர்களுக்குச் செய்யும் துரோகம் அல்லவா? பாட்டுக்குப் பொருள் காண்பது கேட்பவனின் உரிமை. தகவல் சரிபார்ப்பது பத்திரிகைக்காரனின் வேலை. கவிஞனின் வேலை அல்ல.
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: துரோகம் என்பது பெரிய சொல். அதை எழுதுவதற்கு முன் அந்த வரி யாரைப் பற்றியது என்று யோசித்திருக்கலாம்.

1975 நவம்பர் 10 அன்று இரவு, சுமார் 26,000 டன் இரும்புத்தாது உருண்டைகளோடு அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே உள்ள சுப்பீரியர் ஏரியில் போய்க்கொண்டிருந்த அந்தக் கப்பல் புயலில் மூழ்கியது. கப்பலில் இருந்த 29 பேரும் இறந்தார்கள். ஒருவர் உடலும் கிடைக்கவில்லை. செய்தியைப் பத்திரிகையில் படித்த லைட்ஃபுட் சில வாரங்களிலேயே பாட்டை எழுதிவிட்டார். 1976இல் அது வெளியானது. பல்லவி இல்லை, ஆறு நிமிடத்துக்கு மேல் கதை நகர்ந்துகொண்டே போகும். அதில் மாலை ஏழு மணிக்குச் சரக்கறையின் மூடி உடைந்து உள்ளே விழுந்தது என்று ஒரு வரி. அடுத்த ஆண்டு வந்த அமெரிக்கக் கடலோரக் காவல்படை அறிக்கையும், மூடிகள் நீர் புகாதபடி அடைக்கப்படாததையே காரணமாகச் சொன்னது. மூடிகளை இறுக்கிப் பூட்டுவது யார் வேலை? செத்துப்போன மாலுமிகளின் வேலை. கப்பல் மூழ்கியதற்கு அவர்களுடைய கவனக்குறைவே காரணம் என்ற பேச்சை அவர்கள் குடும்பங்கள் பல்லாண்டுகள் கேட்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்தக் காரணம் உறுதிப்படவே இல்லை. ஆழமற்ற திட்டில் அடிப்பாகம் உரசியது என்பார் உண்டு. ராட்சத அலை என்பார் உண்டு. பின்னால் வந்துகொண்டிருந்த ஆர்தர் எம். ஆண்டர்சன் கப்பலோடு ஃபிட்ஸ்ஜெரால்டின் கேப்டன் மெக்சார்லி கடைசியாகப் பேசியது ஏழு மணி பத்து நிமிட அளவில். சமாளித்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் சொன்னார். மூடி உடைந்ததாக அவர் சொல்லவில்லை. 2010இல் ஒரு தொலைக்காட்சி ஆவணப்படத்துக்காகப் பாட்டைப் பயன்படுத்த அனுமதி கேட்டு வந்தவர்கள், தவறு மாலுமிகளுடையது அல்ல என்று தங்கள் ஆய்வு காட்டுவதாக லைட்ஃபுட்டிடம் சொன்னார்கள். அதன் பிறகு, ஏழு மணிக்கு இருட்டிவிட்டது என்று மேடையில் பாடினார். அவ்வளவுதான் மாற்றம். பழைய ஒலித்தட்டையோ பதிவுபெற்ற வரிகளையோ அவர் தொடவில்லை. உங்களிடமிருந்து எதுவும் பறிக்கப்படவில்லை.

தகவல் வெறி பிடித்து அவர் இதைச் செய்தார் என்றும் நினைக்காதீர்கள். கப்பல் போய்க்கொண்டிருந்தது டெட்ராய்ட் அருகே உள்ள சூக் தீவுக்கு; பாட்டில் கிளீவ்லாந்து என்று வருகிறது. அதை அப்படியே விட்டுவைத்தார். சமையல்காரர் தோழர்களிடம் விடைபெறும் அந்த அற்புதமான இடம் முழுக்கக் கற்பனை. கேட்டுச் சொல்ல ஒருவரும் உயிரோடு வரவில்லை. அதையும் விட்டுவைத்தார். அவை யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை. மாலுமிகளுக்காக மணி அடித்த டெட்ராய்ட் தேவாலயத்தைப் புழுங்கல் வாடை வீசும் பழைய கூடம் என்று பாடியிருந்தார். அந்தச் சபையைச் சேர்ந்த ஒருவர் வருந்தியதும் அந்த அடைமொழியையும் மாற்றிக்கொண்டார். எங்கே ஒரு மனிதரின் மனம் நோகிறதோ அங்கே மட்டும் கை வைத்திருக்கிறார்.

பொருள் காணும் உரிமை பற்றிச் சொன்னீர்கள். அது உங்களுக்கு முழுதாக உண்டு. கனடாவின் வின்னிபெக் நகரிலிருந்து வந்த 'தி கெஸ் ஹூ' குழுவின் 'அமெரிக்கன் வுமன்' 1970இல் அமெரிக்காவிலேயே முதலிடம் பிடித்தது. மேடையில் திடீரென்று பிறந்த பாட்டு. பாடகர் பர்ட்டன் கம்மிங்ஸ் அதில் அரசியல் இல்லை என்கிறார். கிட்டார் வாசித்த ராண்டி பாக்மன் போர் எதிர்ப்பு என்கிறார். பாடியவர்களுக்குள்ளேயே ஒத்துப்போகாதபோது நீங்கள் மூன்றாவது பொருளும் சொல்லலாம், நான்காவதும் சொல்லலாம். அங்கே பெயரும் முகவரியும் உள்ள எவர் மேலும் பழி விழவில்லை. ஃபிட்ஸ்ஜெரால்ட் பாட்டின் நிலை வேறு. மூடி உடைந்தது என்பது படிமமோ குறியீடோ அல்ல, குற்றச்சாட்டு. கேட்பவர் தன் விருப்பப்படி பொருள்கொள்ள அதில் இடமே இல்லை.

கவிதையாகவும் மாற்றம் பாட்டுக்கு நல்லதே செய்திருக்கிறது. பின்னால் வரும் ஒரு கண்ணியில், கப்பல் பிளந்திருக்கலாம், கவிழ்ந்திருக்கலாம், ஆழத்தில் உடைந்து நீர் புகுந்திருக்கலாம் என்று லைட்ஃபுட்டே தயங்கித் தயங்கி அடுக்குகிறார். யாருக்கும் தெரியாது என்ற அந்தத் தவிப்புதான் பாட்டின் உயிர். ஏழு மணி வரி மட்டும் எல்லாம் தெரிந்ததுபோல் நடுவில் நின்று அந்தத் தவிப்பைக் கெடுத்துக்கொண்டிருந்தது. இருட்டிவிட்டது என்று பாடும்போது கரையில் காத்திருந்தவர்களுக்குத் தெரிந்தது எவ்வளவோ அவ்வளவே நமக்கும் தெரிகிறது.

லைட்ஃபுட் 2023 மே 1 அன்று காலமானார். மேடைப் பதிவுகள் இருக்கின்றன. 1976 ஒலிப்பதிவை முதலில் கேளுங்கள். 2010க்குப் பிந்தைய ஒரு கச்சேரியை அடுத்துக் கேளுங்கள். உங்களுக்கு எது குறைந்தது என்று எழுதுங்கள். அடுத்த இதழில் வெட்டாமல் வெளியிடுகிறேன்.