வெளியே கறுப்பு, உள்ளே தேங்காய் நார்: சேஸ் துரு பற்றிய கேள்வி பதில்

பொள்ளாச்சிப் பக்கம் ஜீப், பிக்கப், ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளுக்கு டிங்கரிங்கும் சேஸ் (வண்டியைத் தாங்கும் இரும்பு அடிச்சட்டம்) வேலையும் 26 வருஷமாகப் பார்த்து வருகிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் எல்லோருக்கும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கத் தோன்றும். அப்படிப் பார்த்துவிட்டுக் கேட்டவர்களுக்கு இங்கே பதில்.

கேள்வி (உடுமலை): அண்ணா, புது ஃபோர் வீல் வண்டி எடுத்து மூணு மாசம் ஆச்சுங்க. அண்டர் கோட்டிங் அடிச்சே ஆகணும்னு சொல்றாங்க. தேவைதானா?

முழுசாக வேண்டாம். கம்பெனியிலிருந்து வரும்போதே சேஸை மின்சாரம் பாய்ச்சிய பெயிண்ட் தொட்டியில் முக்கித்தான் எடுக்கிறார்கள். அது மெல்லியது, ஆனால் நல்ல பெயிண்ட். கல் பட்டுப் பெயரும் வரை தாங்கும். அதனால் கல் அடிக்கிற இடங்களுக்கு மட்டும், அதாவது நான்கு வீல் ஆர்ச்சுக்கும் (டயருக்கு மேல் வளைந்திருக்கும் தகடு) ஃபுட்போர்டின் அடிப்பக்கத்துக்கும், ரப்பர் கோட்டிங் கொடுங்கள். மிச்சக் காசில் சேஸின் உள்பக்கத்துக்கு வேக்ஸ், அதாவது துரு தடுக்கும் மெழுகு, அடிக்கச் சொல்லுங்கள். நீண்ட குழாய் மாட்டி, ஓட்டைகள் வழியாக உள்ளே பீய்ச்சுவார்கள். வெளியே தெரியாத வேலை என்பதால் யாரும் கேட்பதில்லை, கேட்காததால் யாரும் செய்வதுமில்லை.

கேள்வி (பொள்ளாச்சி): ரெண்டு வருஷம் முன்னாடி கெட்டியா கோட்டிங் அடிச்சேன். பார்க்க இன்னும் கறுகறுன்னு இருக்குதுங்க. ஆனா நிறுத்தின இடத்துல பழுப்புத் தண்ணி சொட்டுது. எங்கிருந்து வருது?

இதைத்தான் எல்லோரும் முதலில் படிக்க வேண்டும். போன மாசியில் ஆனைமலைப் பக்கமிருந்து ஒரு தோப்பு வண்டி வந்தது. எட்டு வருஷ வண்டி, அடியில் கோட்டிங் மினுமினுவென்று இருந்தது. பின் ஸ்பிரிங் ஹேங்கருக்கு (ஸ்பிரிங்கைச் சேஸில் பிடித்திருக்கும் இரும்பு) ஒரு சாண் முன்னால் ஓரிடம் மட்டும் லேசாக உப்பியிருந்தது. திருப்புளியை வைத்து அழுத்தினேன். அப்பளம் நொறுங்குகிற சத்தம், முக்கால் அங்குலம் உள்ளே போய்விட்டது. வெளியே இழுத்தால் கடுங்காப்பி நிறத்தில் தண்ணீர் ஒழுகுகிறது. மழை விட்டு இரண்டு மாசம் ஆன பிறகு! கம்பியை வளைத்துக் கிளறினோம். செம்மண்ணும் தேங்காய் நாரும் கலந்து, பிசைந்து வைத்த உருண்டைகளாக வந்தன. ஒன்றரைப் படி தேறும். நார்க்கழிவு எவ்வளவு தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும் என்று தென்னை வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நடந்தது இதுதான். பெட்டி மாதிரி மூடிய சேஸுக்கு அடிப்பக்கம் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும். கோட்டிங் அடித்தவர் அவற்றையும் சேர்த்து அடைத்துவிட்டார். மேலே உள்ள ஓட்டைகள் வழியாகச் சேறு போகிறது, கீழே வெளியேற வழியில்லை. துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வந்திருக்கிறது. வெளியில் இருந்த கறுப்புத் தோல் கடைசி வரை அழகாகத்தான் இருந்தது.

உங்கள் வண்டியிலும் அதே கதையாக இருக்கலாம். லிஃப்டில் ஏற்றி, வடிகால் ஓட்டைகளைத் தேடி ஒவ்வொன்றாகத் திறங்கள். தென்னை ஈர்க்கு போதும், இரும்புக் கம்பி உள்பெயிண்டைக் கீறும். பிறகு ஓஸை உள்ளே விட்டு, கீழே தெளிந்த தண்ணீர் வரும் வரை அலசி, கம்ப்ரஸர் காற்று அடித்து, இரண்டு நாள் வெயிலில் நிறுத்துங்கள். வேக்ஸ் அதற்கப்புறம்தான். உப்பிய கோட்டிங் எங்கிருந்தாலும் சுரண்டி எடுங்கள். துருவுக்கும் ஈரத்துக்கும் மேல் அடித்த கோட்டிங், அடிக்காததை விட மோசம்.

கேள்வி (தாராபுரம்): வாரா வாரம் தோட்டத்து போர் தண்ணியிலதான் அடிப்பக்கம் வரைக்கும் கழுவுறேன். ஆனாலும் போல்ட் நட்டெல்லாம் துரு. கழுவாத பக்கத்து வீட்டு வண்டி நல்லா இருக்குது. என்னங்க நியாயம் இது?

சிரிப்பு வந்தாலும் நியாயமான கேள்வி. கழுவிய கண்ணாடியைத் துடைக்காமல் வெயிலில் விட்டுப் பாருங்கள். வெள்ளைப் புள்ளிகள் விழுந்தால், அதே உப்பு சேஸிலும் படிந்திருக்கிறது. பருப்பு வேகாத தண்ணீர் என்றால் சுண்ணாம்பு அதிகம். நாக்கில் கரிக்கிற தண்ணீர் இன்னும் மோசம், அதில் குளோரைடு இருக்கிறது. உப்புப் படிந்த இரும்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். அதனால் பனி விழுகிற மார்கழி ராத்திரியில்கூட வண்டி நனைந்த மாதிரிதான். பக்கத்து வீட்டுக்காரர் கழுவாமல் விட்டதில் அவருக்கு வெறும் புழுதி மட்டும்தான், காய்ந்த புழுதி இரும்பை ஒன்றும் செய்யாது.

சேறு நீங்க போர் தண்ணீரில் கழுவுங்கள், தப்பில்லை. கடைசி அலசல் மட்டும் குடிநீர்க் குழாய்த் தண்ணீரிலோ, மழைநீர்த் தொட்டித் தண்ணீரிலோ இருக்கட்டும். நான்கு குடம் போதும். வாரா வாரமும் தேவையில்லை, சேற்றில் போய் வந்தால் மட்டும் கழுவலாம். உங்கள் பக்கம் கரிசல் மண். அது காய்ந்து கட்டியாவதற்குள் கழுவிவிடுங்கள், வீல் ஆர்ச்சின் மேல் மடிப்பில் அப்பியது வாரக்கணக்கில் ஈரம் காக்கும்.

கேள்வி (நாமக்கல்): பிக்கப்புல கோழி எருவும் உர மூட்டையும் ஏத்தறோம். ரெண்டு வருஷத்துல தொட்டி அடியெல்லாம் போச்சு.

பொட்டாஷ் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு, சமையல் உப்புக்குப் பங்காளி. மூட்டை கிழிந்து சிந்தினால் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பெருக்கி அள்ளுங்கள். தண்ணீரைப் போட்டால் கரைந்து எல்லா மடிப்புக்கும் போய்விடும். கோழி எருவில் உப்பும் உண்டு, அமோனியாவும் உண்டு. அமோனியா செம்பையும் பித்தளையையும் பிடிக்கும். வயரிங் முனைகளில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். தொட்டிக்குள் கெட்டித் தார்ப்பாய் விரித்து ஏற்றுவதுதான் மலிவான மருந்து. தொட்டிக்கும் சேஸுக்கும் நடுவிலுள்ள மரக்கட்டை, ரப்பர் இரண்டையும் வருஷம் ஒருமுறை தூக்கிப் பாருங்கள். துரு பிடிக்கும்போது இரும்பு பல மடங்கு உப்பும், அந்த இடுக்கில் போல்ட்டையே அறுத்துவிடும்.

கேள்வி (கோபி): எங்க ஐயன் காலத்துல இருந்து கழிவு ஆயிலும் டீசலும் கலந்து அடியில அடிப்போம். மேஜர் ஜீப்பு முப்பது வருஷம் ஓடுச்சு. நீங்க ஏன் வேண்டாம்ங்கறீங்க?

வேலை செய்யும் என்பதை நான் மறுக்கவில்லைங்க. எண்ணெய் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஒட்டாது. ஆனால் அந்த ஜீப்பில் ரப்பர் என்று எவ்வளவு இருந்தது? இப்போது புஷ், ஓஸ், மவுண்டிங், சென்சார் வயர் என்று எங்கு தொட்டாலும் ரப்பர். டீசலும் ஆயிலும் அதை ஊற வைத்து உப்ப வைக்கும். டிஸ்க்கில் ஒரு துளி பட்டால் பிரேக் பிடிக்காது. ஓடிய ஆயிலில் புற்றுநோய் உண்டாக்கும் சரக்கும் இருக்கிறது, ஸ்ப்ரே அடிப்பவன் மூச்சில் போவதும் அதுதான். வாட்டர் சர்வீஸில் டீசல் வாஷ் கேட்பதையும் விட்டுவிடுங்கள். ஆயில் மாதிரியே படர்ந்து நிற்க வேண்டும் என்றால் லானோலின் ஸ்ப்ரே கிடைக்கிறது. செம்மறி ஆட்டுக் கம்பளியிலிருந்து எடுக்கிற கொழுப்பு அது. நம் மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, அதனால்தான் இந்தச் சரக்கு நமக்குப் புதுசு. வருஷம் ஒருமுறை திரும்ப அடிக்க வேண்டும். அதுவும் ரப்பருக்கு ஒத்துவருமா என்று டப்பாவில் பார்த்துவிட்டு அடியுங்கள்.

கேள்வி (ஈரோடு): துருவைக் கறுப்பா மாத்துற திரவம் வாங்கி வெச்சிருக்கேன் அண்ணா. துரு மேலயே அடிச்சா போதும்னு கடைக்காரர் சொன்னார்.

பாதி உண்மை. அதில் டானின் அல்லது பாஸ்பாரிக் அமிலம் இருக்கும். டானின் உங்கள் ஊர்த் தோல் ஷாப்புகளுக்குத் தெரிந்த பொருள்தான், கடுக்காயிலும் ஆவாரம்பட்டையிலும் இருப்பது. கடுக்காய்ச் சாறும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு மை ஆகும் என்பது பழைய வைத்தியம். டப்பாவுக்குள் இருப்பதும் அதே வேலைதான். ஆனால் தகடு தகடாகப் பெயரும் துருவின் மேல் அடித்தால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் சிவப்பு அப்படியே இருக்கும். முதலில் சுத்தியால் தட்டி உதிர்த்து, கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்த்து, மடிப்புகளில் உப்புத்தாள் போட்டு, ஒட்டியிருக்கும் செந்தூள் மட்டும் மிஞ்சட்டும். அதன் மேல் அடியுங்கள். கறுத்துக் காய்ந்ததும் எபாக்ஸி பிரைமர், அதன் மேல் சேஸ் பிளாக். திரவத்தோடு நிறுத்திவிட்டால் அடுத்த மழைக்குத் திரும்ப என்னிடம்தான் வருவீர்கள்.

கேள்வி (கரூர்): ரெட் ஆக்சைடு அடிச்சாச்சு. அதுக்கு மேல ஜிங்க் ஸ்ப்ரே அடிக்கலாமா?

வீண் செலவு. ஜிங்க், அதாவது துத்தநாகம், தன்னைக் கரைத்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றுகிற பொருள், அதற்கு அது வெற்று இரும்பைத் தொட்டிருக்க வேண்டும். நடுவில் பெயிண்ட் இருந்தால் அதுவும் இன்னொரு பெயிண்ட், அவ்வளவே.

கேள்வி (வால்பாறை): எங்களுக்கு ஆனியில ஆரம்பிச்சா வெயிலே இல்லைங்க. எப்போ கோட்டிங் அடிக்கிறது?

அங்கே அடிக்காதீர்கள். மாசி, பங்குனியில் வண்டியைக் கீழே கொண்டுவாருங்கள். 40 கொண்டை ஊசி இறங்கி வருவதற்குள் பிரேக் சூட்டில் பாதி காய்ந்துவிடும் என்று எங்கள் பட்டறைப் பையன் கேலி பேசுவான். மூன்று நாளாவது ஷெட்டில் நின்று காயட்டும், பிறகு வேலை. மழைக்காலம் முழுக்க நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: படுதா போட்டு மூடாமல், காற்றோட்டமான கூரைக்கு அடியில் நிறுத்துவது.

கேள்வி (கோவை, பழைய ஜீப் வாங்கப் போகும் பெண்): அண்ணா, வண்டி பளபளன்னு பெயிண்ட் அடிச்சு நிக்குது. அடியில எதைப் பார்க்கணும்?

அம்மிணி, பளபளப்பைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியதே, பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். ஒரு சின்னச் சுத்தி, ஒரு காந்தம், டார்ச். மூன்றும் கைப்பைக்குள் அடங்கும். சேஸை முன்னிருந்து பின்வரை ஒரு சாணுக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று பேசும். உளுத்த இடம் டொக்கென்று விழும். ஸ்பிரிங் ஹேங்கர், பாடி மவுண்ட் (பாடி சேஸில் உட்காரும் இடம்), பின் கிராஸ் மெம்பர் (சேஸின் பின்பக்கக் குறுக்குச் சட்டம்), இந்த மூன்று இடத்தில் இரண்டிரண்டு தடவை தட்டுங்கள். தட்டக் கூடாது என்று விற்பவர் சொன்னால் வேலை சுலபம், கிளம்பி வந்துவிடலாம். உட்காரும் இடத்தின் தரைத்தகட்டில் காந்தம் ஒட்டவில்லை என்றால் அங்கே இருப்பது இரும்பில்லை, பள்ளம் அடைக்கிற பட்டிப் பசை.

சேஸ் நம்பர் தெளிவாகப் படிக்க முடிகிறதா, சுற்றிலும் கிரைண்டர் தடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். துரு தின்ற நம்பரோடு போய் நின்றால் அலைச்சல்தான். வாங்கிய பிறகு அந்த இடத்துக்கு மட்டும் கோட்டிங் வேண்டாம், கிரீஸ் தடவி வையுங்கள், துடைத்தால் தெரியும்.

கேள்வி (திருப்பூர்): பேட்டரியில மாட்டினா துருவே பிடிக்காதுன்னு ஒரு கருவி விக்குறாங்களே?

இரும்புக்கு லேசாக மின்சாரம் கொடுத்துத் துருவைத் தடுக்கிற முறை அது. கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் உண்மையிலேயே உதவும், ஏனென்றால் அவை முழுக்க தண்ணீருக்குள்ளோ ஈர மண்ணுக்குள்ளோ இருக்கின்றன. ரோட்டில் ஓடும் வண்டியைச் சுற்றி இருப்பது காற்று. மின்சாரம் சுற்றி வர வழியில்லை. அந்தக் காசுக்கு இரண்டு லிட்டர் வேக்ஸ் வாங்கலாம்.

கேள்வி (பல்லடம்): நண்பர்களோட தனுஷ்கோடி போய் மணல்ல ஓட்டிட்டு வந்தோம். ஒரு வாரம் ஆச்சு, இன்னும் கழுவலை.

இதைப் படித்து முடிக்காமல் போய்க் கழுவுங்கள். அழுத்தம் அதிகமில்லாத தண்ணீர் நிறைய ஓடட்டும், சேஸ் உள்பக்கமும் சேர்த்து. மறுபடி இரண்டு நாள் கழித்து இன்னொரு முறை. உப்பு ஒரே கழுவலில் போகாது.

கேள்வி (சத்தியமங்கலம்): சேஸ்ல ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டை. மேல ஒரு பிளேட் வெச்சு வெல்டிங் பண்ணிரலாம்னு ஊர்ல சொல்றாங்க.

ஓட்டையின் அளவு முக்கியமில்லை, அதைச் சுற்றியுள்ள தகடு எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. பளிச்சென்று வெள்ளை இரும்பு தெரியும் வரை வெட்டி எடுத்துவிட்டு, அதே கனத் தகட்டைப் பொருத்த வேண்டும். மேலே பிளேட் வைத்தால் இரண்டு தகட்டுக்கும் நடுவில் புதுத் துருக் கூடு. வலுவுக்காகப் பிளேட் வைத்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு முனையும் கூம்பிய வடிவத்தில் வெட்டச் சொல்லுங்கள். சேஸுக்குக் குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டிங் விழுந்தால், பாரம் ஏறும்போது அந்தக் கோட்டிலேயே விரிசல் விடும். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இரண்டு முனையும் கழற்ற வேண்டும். டேங்க் பக்கத்தில் என்றால் டேங்கையும் இறக்க வேண்டும். முன்பு உள்ளே வேக்ஸ் அடித்த வண்டியென்றால் வெல்டரிடம் சொல்லிவிடுங்கள், அது உள்ளே தீப்பிடிக்கும். வேலை முடிந்தபின் உள்பக்கம் பெயிண்ட் எரிந்திருக்கும், அங்கே திரும்ப வேக்ஸ் போக வேண்டும்.

நேரில் பார்க்காமல் இதற்கு மேல் சொல்ல முடியாது. போட்டோ அனுப்ப வேண்டாம். சுத்தியால் தட்டிக்கொண்டே போகும் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புங்கள், எது வரை வெட்ட வேண்டும் என்று சொல்கிறேன்.