இங்கிலாந்தில் இருக்கும் லிட்டில் மோர்டன் ஹால் என்ற பழைய மர வீடு ஏன் இப்படிக் கோணி நிற்கிறது? கட்டியவர்களின் தப்பா?

படத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நேரில் பார்த்தால் கோணல் இன்னும் அதிகம்.

நான் சிவில் இன்ஜினியர். மான்செஸ்டரில் வேலை பார்த்தபோது, செஷயரில் இருக்கும் அந்த வீட்டுக்குக் குடும்பத்தோடு போனேன். அகழிப் பாலத்தில் நின்றபடியே, "அந்தக் காலத்து ஆளுங்களுக்குப் பாரக் கணக்கே தெரியலை" என்று மனைவியிடம் அளந்துவிட்டேன். அதோடு விட்டேனா? உள்ளே சுற்றிக்காட்டிய பெரியவரிடமும் கேட்டு வைத்தேன். அவர் ஓய்வுபெற்ற தச்சராம். சிரித்துக்கொண்டே மாடிக்குக் கூட்டிப் போனார்.

1504 வாக்கில் தொடங்கி 1610 வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு அது. தெற்குப் பகுதியின் உச்சியில் 68 அடி நீளத்துக்கு ஒரு கூடம். வேலை தொடங்கிய பிறகு வீட்டுக்காரருக்கு வந்த ஆசை போலிருக்கிறது. அதற்கு மேல் கனத்த கற்பலகைக் கூரை வேறு! கீழே இருக்கும் மரச்சட்டம் வளையாமல் என்ன செய்யும்? இதில் தச்சரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

மரமும் ஈரம் காயாத ஓக். காய்ந்துவிட்டால் உளி இறங்காது என்பதால் பச்சையாகவே அறுத்து, ஒரு சட்டத்தின் துளையில் இன்னொன்றின் நாக்குப் போன்ற முனையை நுழைத்து, மர ஆணி அடித்து இறுக்குவார்கள். காயக் காயச் சட்டம் முறுகும், ஆனால் இணைப்பு விடாது. கூடத்தில் நடந்தபோது தரை எனக்கே கொஞ்சம் தலைசுற்ற வைத்தது.

கோணல் முழுவதையும் பச்சை மரத்தின் தலையில் கட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம். முதல் காரணம் மேலே ஏற்றிய பாரம்தான். பிற்காலத்தில் இரும்புக் கம்பிகள் கொடுத்து இழுத்துப் பிடித்திருப்பதும் எனக்குத் தெரியும்.

முற்றத்து ஜன்னல்களில், இவற்றைச் செய்த தச்சன் ரிச்சர்ட் டேல் என்று 1559ஆம் ஆண்டோடு செதுக்கியிருக்கிறது. அதைப் படித்ததும் எனக்கு என் வீட்டு ஞாபகம் வந்து எரிச்சல்தான் வந்தது. மான்செஸ்டரில் புதிதாகக் கட்டிய வீடு வாங்கியிருந்தோம். இரண்டாவது குளிர்காலத்திலேயே படுக்கையறைக் கதவு நிலையில் உட்காரவில்லை. கட்டிய நிறுவனத்துக்கு ஆறு மின்னஞ்சல் அனுப்பினேன். "புது வீடு படிவது இயல்பு" என்று ஒரே பதில், அதிலும் கையெழுத்துப் போட்டவர் பெயர் இல்லை. வீட்டை விற்கும் வரை அந்தக் கதவைத் தோளால் இடித்துத்தான் மூடினோம்.