உப்பள வெயிலும் சிறுநீரகமும்

வேர்க்குரு, முடி உதிர்வு, கைபேசியில் வந்த புது வைரஸ் காணொளி என்று உப்பளத் தொழிலாளியான நீங்கள் கடிதத்தில் அடுக்கியவற்றை ஒதுக்கிவிடலாம். சர்க்கரையும் இரத்தக்கொதிப்பும் இல்லாமலேயே, தூத்துக்குடி உப்பளத்தில் உங்களுடன் வேலை செய்தவர் டயாலிசிஸுக்குப் போய்விட்டார் என்ற வரிதான் உங்கள் கடிதம். வெயில் சிறுநீரகத்தைக் கெடுக்குமா? கெடுக்கக்கூடும். எல் சால்வடோர், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், அவ்விரு நோய்களும் இல்லாத இளம் தொழிலாளர்கள் பலருக்குச் சிறுநீரகம் பழுதாகியிருக்கிறது. நீர் வற்றிய உடலோடு கடும் வெப்பத்தில் நாள்தோறும் உழைப்பது அதன் முக்கியக் காரணங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. புவி வெப்பமடைவதால் பகலோடு இரவின் புழுக்கமும் கூடிப்போக, முதல்நாள் பாதிப்பிலிருந்து உடல் மீள்வதற்குள் மறுநாள் வேலை தொடங்கிவிடுகிறது. கடலோர ஈரக்காற்றில் வியர்வை வழியுமே தவிர எளிதில் உலராது. உலராத வியர்வை உடலைக் குளிர்விக்காது.

சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்து, தண்ணீர் குடித்ததும் தெளிந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அளவு குறைந்து, பால் கலக்காத தேநீரின் நிறத்தில் போனால் அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்; வெப்பத்திலும் உழைப்பிலும் தசை சிதைந்து, அதன் நிறமி சிறுநீரகத்தைத் தாக்குவதன் அடையாளமாக அது இருக்கலாம். சித்திரையில் இரண்டு முறை அப்படிப் போனதாகவும், உடல்வலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுச் சமாளித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். கேட்டதும் மாத்திரையைக் கிழித்துத் தருகிறவர் சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் உங்கள் இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தா தருகிறார்? நீர் வற்றிய உடலில் அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தை மேலும் குறைக்கும். இன்றோடு அதை நிறுத்துங்கள்.

ஒரு நாள் ஓய்வுக்குப் பின், அரசு மருத்துவமனையில் இரத்தத்தில் கிரியேட்டினினையும் சிறுநீரில் புரதத்தையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். குறை தெரிந்தால் மூன்று மாதம் கழித்தும் பார்க்க வேண்டியிருக்கும். முடிவு வரும்வரை தினமும் இளநீர் குடிப்பதையும் நிறுத்திவையுங்கள். அதில் பொட்டாசியம் மிகுதி, பழுதுபட்ட சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாமல் போனால் இதயத் துடிப்பே பாதிக்கப்படும்.

ஒதுங்க இடமில்லாததால் பகல் முழுவதும் தண்ணீர் குடிப்பதில்லை என்பதைக் கடைசியில், வெட்கப்பட்டு எழுதியிருக்கிறீர்கள். முதலில் எழுதியிருக்க வேண்டியது அதுதான். நீர்க்கடுப்பு அடிக்கடி வருவதற்கும் அது காரணமாகலாம். வெட்கப்பட வேண்டியவர் கழிப்பறையும் நிழலும் அமைத்துத் தராத அளத்து முதலாளி. உடன் வேலை செய்யும் பெண்களைச் சேர்த்துக்கொண்டு இரண்டையும் கேளுங்கள். அதுவரை, விடியலில் பாத்தியில் இறங்குவதற்கு முன்பே தண்ணீர் குடிக்கத் தொடங்கி, வேலைக்கிடையே தாகத்துக்குக் காத்திராமல் சிறிது சிறிதாகக் குடித்து வாருங்கள்.